சனிக்கிழமை ஏற்காட்டில் மௌனம் கிடைக்காது

ஏற்காடு அமைதியான ஊர் என்று யாராவது சொன்னால், எந்தக் கிழமை போயிருந்தீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை காலை ஏரிக்கரையில் நடந்தவரும் சனிக்கிழமை சாயங்காலம் அதே கரையில் நின்றவரும் பார்த்தது வேறு வேறு ஊர். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். வெள்ளிக்கிழமை இரவே கர்நாடகப் பதிவெண் கார்கள் மலையேறத் தொடங்கிவிடும். மறுநாள் படகுத்துறையில் வரிசை, மிளகாய் பஜ்ஜிக் கடையில் வரிசை, லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் வண்டி நிறுத்த இடம் இருக்காது. ஞாயிறு மாலை மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் இறங்கும். திங்கட்கிழமைதான் ஊர்க்காரர்களுக்கே ரோட்டைக் கடக்க வழி கிடைக்கும்.

நாங்கள் சேலம் அம்மாபேட்டைக்காரர்கள். எங்கள் தெருவைச் சேர்ந்த பெண்கள் சிலரும் உறவுக்காரப் பெண்களும் சேர்ந்து ஆண்டுதோறும் மலையேறி, ஒரு தியான இல்லத்தில் சில நாள் பேசாமல் இருந்துவிட்டு வருவது வழக்கம். போன் போட்டு இடம் கேட்பது, முன்பணம் கட்டுவது, வேன் பிடிப்பது, யாருக்கு ஜன்னலோரக் கட்டில் என்ற பஞ்சாயத்தைத் தீர்ப்பது எல்லாம் என் தலையில். அதனால் ‘நாங்களும் போகலாம்னு இருக்கோம், என்னென்ன பாக்கணும்?’ என்று கேட்பவர்களும் என்னிடம்தான் வருவார்கள். அவர்களிடம் வாய் வலிக்கச் சொன்னதை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தியானம் எப்படிச் செய்வது என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. தொந்தரவில்லாமல் போய் உட்கார என்ன ஏற்பாடு வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். மே மாதத்தை அடியோடு மறந்துவிடலாம். அரசு நடத்தும் கோடை விழா, அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, சேர்வராயன் கோயில் திருவிழா எல்லாம் அந்த மாதத்தில்தான். திருவிழாவைப் பார்க்கப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும், பார்க்க வேண்டிய திருவிழாதான். ஆனால் மௌனத்துக்கு ஆகாது. டிசம்பர் கடைசி வாரம், பொங்கல் விடுமுறை, ஆயுத பூஜையை ஒட்டிய நாட்கள் இவையும் அப்படித்தான்.

வெளியூர்க்காரர்கள் யோசிக்காத இன்னொன்று உண்டு. ஏற்காடு பள்ளிக்கூட ஊர். சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894இல் வந்தது, மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இல். விடுதியில் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. பள்ளி திறக்கும் வாரமும் மூடும் வாரமும் பெற்றோர் பெட்டி படுக்கையோடு வந்து குவிவார்கள். சாதாரண வாரநாள் என்று நம்பிப் போனால் நல்ல அறை ஒன்றும் இருக்காது, டாக்சிக்காரர் சொன்னதுதான் வாடகை. தேதி குறிப்பதற்கு முன் தெரிந்த பிள்ளை யாராவது அங்கே படித்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மழை. வடகிழக்குப் பருவமழை காலத்தில், அதிலும் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை, மலைப்பாதையை நம்பித் திட்டம் போட முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது. கீழே வயதான பெற்றோரையோ தேர்வெழுதும் பிள்ளையையோ விட்டுவிட்டு மேலே மாட்டிக்கொண்டால் என்ன தியானம் வரும்?

எனக்குப் பிடித்தது பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு தொடங்கி மார்ச் முதல் பாதி வரை. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர், ஏற்காடு 1,515 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே கீழே இருப்பதைவிட மேலே ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். ஜனவரி இரவுகள் வயதானவர்களின் முழங்காலைப் பதம் பார்த்துவிடும், பிப்ரவரி பரவாயில்லை. அந்தச் சமயத்தில் எஸ்டேட்டுகளில் காப்பிப் பழம் பறித்து ஓய்ந்திருக்கும். மார்ச் வாக்கில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் காப்பிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை வாசம் போல ஒரு வாசம், சில நாட்கள்தான் நிற்கும். அதற்காகத் தேதி குறிக்க முடியாது, அமைந்தால் அதிர்ஷ்டம். மழைச் சாரலும் ஈரத் துணியும் பொறுக்கிறவர்கள் பள்ளி திறந்த பிறகு ஜூன், ஜூலையிலும் போகலாம்.

கிழமை விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. திங்கள் மதியத்துக்கு மேல் ஏற வேண்டும், வெள்ளி மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். ‘எனக்கு லீவு சனி ஞாயிறுதான்’ என்பவர்களுக்கு என் பதில்: அப்படியானால் ஏற்காடு வேண்டாம். அந்த இரண்டு நாளையும் சேலத்தைச் சுற்றியே கழிக்கலாம். உடையாப்பட்டி கந்தாஸ்ரமத்தில் காலை நேரத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்தால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். கஞ்சமலை சித்தர் கோயிலும் நல்ல இடம், அமாவாசை அன்று மட்டும் கூட்டம் தாங்காது. முதல்முறை மௌனம் இருக்கப் போகிறவர்களை நான் இங்கேதான் ஒரு அரைநாள் உட்காரவைத்துப் பார்ப்பேன். அரைநாள் முடியாதவரை மலைமேல் கூட்டிப்போய் நாலு நாள் வதைப்பது பாவம்.

மாதமும் கிழமையும் சரியாக அமைந்தும் ஒருமுறை ராத்திரி பதினோரு மணி வரை குத்துப்பாட்டு கேட்டோம். நாங்கள் தங்கிய இல்லத்தில் எல்லாம் ஒழுங்கு. எதிர் மேட்டில் ஒரு ரிசார்ட். ஏதோ கம்பெனி ஆட்கள் கூட்டமாக வந்திருந்தார்கள், தீ மூட்டி ஆட்டம் பாட்டம். மலையில் சத்தம் பள்ளத்தைத் தாண்டி வரும்போது சுற்றியிருக்கும் மரம் மட்டையால் அது குறைவதில்லை, பக்கத்து அறையில் பாடுவது மாதிரியே கேட்கும். ‘இறுதியில் எல்லாம் அடங்கும்’ என்று அன்று காலை சொல்லிக்கொடுத்த அம்மையாரே எழுந்து ஜன்னலைச் சாத்தினார். அதிலிருந்து, இடம் விசாரிக்கும்போது அறை எப்படி என்று கேட்பதற்கு முன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறேன். ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் வட்டாரம் சுற்றுலாக்காரர்களுக்கானது, அதைத் தவிர்த்துவிடலாம். நாகலூர் பக்கம், மஞ்சக்குட்டை பக்கம், எஸ்டேட்டுகளுக்குள் சுற்றிவரும் லூப் ரோட்டின் உள்பகுதிகள் அமைதியாக இருக்கும். ஆனால் அங்கேயும் புதிது புதிதாக விடுதிகள் முளைக்கின்றன, போன வருஷம் கேட்ட பதில் இந்த வருஷத்துக்குச் செல்லாது.

இல்லம் எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வதற்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும். கிறிஸ்தவ சபைகளின் தியான இல்லங்கள் இங்கே வெகுகாலமாக இருக்கின்றன. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து நட்டார், பின்னாலேயே வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களும் 1853இல் ஹோலி டிரினிட்டி தேவாலயமும் வந்தன, கன்னியர் மடங்களும் வந்தன. இந்த இல்லங்களில் ஒழுங்கு நன்றாக இருக்கும், சாப்பாடு எளிமையாக இருக்கும். பல இடங்களில் தங்கள் சபையாருக்கே முதலிடம், வெளியாரைச் சேர்ப்பார்களா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்து சிறு ஆசிரமங்கள். மூன்றாவது வகை, எஸ்டேட் பங்களாவில் நாலு யோகா பாயை விரித்துவிட்டு ‘ரிட்ரீட்’ என்று பலகை மாட்டியவை. காற்றும் காட்சியும் நன்றாக இருக்கும், காலை ஆறு மணிக்கு நீங்கள் கண்ணை மூடும்போது அடுத்த அறைக்காரர் டிவி போடுவார்.

அளவுகோலாக எனக்கு உதவியது விபாசனா தியான முகாம்களின் ஒழுங்கு. ஏற்காட்டில் அவர்களுக்கு மையம் இல்லை, சென்னைப் பக்கம் திருமுடிவாக்கத்தில் இருக்கிறது. பத்து நாள் முகாம், அதிகாலை நாலு மணிக்கு மணி அடிக்கும், போனை வாங்கி வைத்துவிடுவார்கள், புதிதாக வருகிறவர்களுக்கு மாலையில் டீயும் பழமும் மட்டும். கட்டணம் கிடையாது. ஒரு முகாமை முழுதாக முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள். எல்லா இடமும் இப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது கடினம், எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை பழகியவர்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் போகவே பிடிக்கும். ஆனால் விதிகள் என்ன, பணம் எப்போது, எதற்கு என்பது வருவதற்கு முன்பே பளிச்சென்று சொல்லப்பட்டிருக்கும் பாருங்கள், அந்தத் தெளிவை எந்த இடத்திலும் எதிர்பார்க்கலாம். ‘வாங்க, வந்தப்புறம் பேசிக்கலாம்’ என்று கட்டணத்தைப் பற்றி மழுப்பினால் நான் அடுத்த இடத்துக்குப் போன் போட்டுவிடுவேன்.

ஓர் இடத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ‘பி.பி. மாத்திரை, சுகர் மாத்திரை எதுவும் கொண்டுவரக் கூடாது, பிராண சக்தியே பாத்துக்கும்’ என்றார் போனில் ஒருவர். அவரிடம் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், வீட்டில் சொல்லாமல் வரச் சொல்கிறவர், நகையைப் பற்றி விசாரிக்கிறவர், இந்த மூன்று பேரிடமும் மலையின் குளிரும் வேண்டாம், மோட்சமும் வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில் நாம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. இரவுச் சாப்பாடு இல்லாத முகாம் என்றால் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் போவதற்கு முன் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். கிளிமிபிரைடு வகை மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு ராத்திரி சாப்பிடாமல் படுத்தால் விடியற்காலை சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும். பேசக் கூடாத இடத்தில் எழுப்பிச் சொல்லவும் தயங்கி அப்படியே கிடப்பார்கள், அதுதான் ஆபத்து. எங்கள் கூட்டத்தில் சர்க்கரைக்காரர்களின் தலையணைக்குக் கீழே குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும். உடம்புக்கு ஏதாவது என்றால் மௌனம் அந்த நொடியே ரத்து என்று ஏறும்போதே வேனில் சொல்லிவிடுவேன். சிலர் மலை உயரத்தால் மூச்சு முட்டுமா என்று பயப்படுவார்கள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் அந்த உயர நோய் வராது. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்கள் குளிர்காற்றுக்கும் பனிமூட்டத்துக்கும் இன்ஹேலரைக் கையோடு வைத்துக்கொண்டால் போதும். நீங்களே சமைக்கிற ஏற்பாடு என்றால் குக்கர் எடுத்துப் போங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகும் வேகம் இருக்கிறதே, அதுவே ஒரு தவம்.

இனி மூட்டை கட்டுவது. சால்வை, குல்லா, டார்ச் என்று எல்லோரும் சொல்லுவார்கள், நான் சத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். பேச்சு நின்ற ஒரு கூடத்தில் பொருட்கள் பேசும். நைலான் ஜெர்கின் கையை அசைத்தாலே சரசரக்கும், கம்பளி ஸ்வெட்டர்தான் சரி. வெல்க்ரோ ஒட்டும் பை, கண்ணாடி வளையல், கீச்சிடும் புதுச் செருப்பு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மாத்திரை அட்டையை விடியற்காலையில் கிழிக்கும் சத்தம் எவ்வளவு பெரியது என்று ஆறு பேர் படுத்திருக்கும் அறையில்தான் தெரியும். முன்கூட்டியே பிரித்து, சிறு டப்பாவில் பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டு வரச் சொல்வேன். காது மெஷின் வைத்திருப்பவர்கள் அது விசிலடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை கொலுசு. சேலத்துப் பெண்களிடம் கொலுசைக் கழற்றச் சொல்வது லேசில்லை, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளை நம்பிப் பிறந்த கால்கள். என் மாமியார் முதன்முதலாக வந்தபோது, வேனில் ஏறும் முன் சொன்னேன்.

“அத்தை, கொலுசைக் கழட்டி பீரோல வச்சிட்டு வந்துருங்க.”

“கல்யாணத்துக்கு எங்கப்பா போட்டது கண்ணு. இதுவரைக்கும் கழட்டினதில்ல. திருகாணி வேற இறுகிப் போயிருக்குது.”

“அங்க சத்தமே இருக்கக் கூடாதுங்க அத்தை.”

“மலைக்குப் போய்ப் பேசாம உக்காரணும்கிற. வீட்லயே எங்கிட்ட யாரு பேசறீங்க? எனக்கு இது ஒண்ணுதான் சத்தம் போட்டுக்கிட்டு இருக்குது.”

அதற்குப் பிறகு நான் எப்படி வற்புறுத்த? மேலே போனோம். முதல் காலை, இருட்டு விலகாத நேரம், எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. அத்தை பாத்ரூமிலிருந்து கூடத்துக்கு வந்தார். ஒவ்வொரு அடிக்கும் ஜல், ஜல். யாரும் கண் திறக்கவில்லை, ஆனால் வரிசை முழுக்கத் தோள்கள் குலுங்கின. அன்று மதியம் முதலுதவிப் பெட்டியிலிருந்த காஸ் துணியைச் சுற்றிவிட்டேன். சாயங்காலம் அது அவிழ்ந்து வால் மாதிரி பின்னாலேயே இழுபட்டு வந்தது. கடைசியில் இல்லத்துச் சமையல் அக்கா ஒரு ஜோடி தடித்த சாக்ஸைக் கொண்டுவந்து, கொலுசைக் கணுக்காலுக்கு மேலே தள்ளி, சாக்ஸை அதன்மேல் இழுத்துவிட்டார். அதோடு முடிந்தது. ஒரு வார்த்தை பேசாமல் நடந்த வேலை இது, அத்தை பதிலுக்கு அந்த அக்காவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். இப்போது என் பட்டியலில் ஆளுக்கு இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் உண்டு.

அந்த அக்காவைப் போன்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த இல்லங்களில் சமைப்பதும் துடைப்பதும் பெரும்பாலும் பக்கத்து மலைக்கிராமத்து ஆட்கள், மலையாளிகள் என்ற பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். மௌனம் என்ற பெயரில் அவர்களைக் கண்டும் காணாமல் தட்டை நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்காது. பேசக் கூடாதென்றால் கும்பிடலாம், சிரிக்கலாம், சாப்பிட்ட தட்டை நாமே கழுவி வைக்கலாம். இறங்கும் நாளில் எல்லோரும் சேர்ந்து ஒரு கவர் கொடுத்துவிட்டு வருவோம், நிர்வாகத்தின் நன்கொடைப் பெட்டியில் போடுவது தனி.

வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து வருபவர்களுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் வசதி, இரவு ஏறினால் விடிவதற்குள் சேலம் ஜங்ஷனில் இறக்கிவிடும். பெயர்தான் ஏற்காடு, வண்டி ஈரோட்டுக்குப் போகிறது, தூங்கிவிடாதீர்கள். சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து மலைக்குப் பஸ் உண்டு, அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம், பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிடாமலும் வெறும் வயிறாகவும் இல்லாமல் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு முன் ஸீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்க வேண்டும், போனைப் பார்க்கக் கூடாது. வளைவுகளில் குரங்குக் கூட்டம் இருக்கும், ஜன்னலோரம் தின்பண்டப் பை வைத்தால் அது உங்களுடையதில்லை. ஆத்தூர், வாழப்பாடி பக்கத்து ஆட்கள் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் வழியாகவும் ஏறலாம். கோடை விழா போன்ற நெரிசல் காலத்தில் ஒரு பாதையை ஏறுவதற்கும் இன்னொன்றை இறங்குவதற்கும் என்று போலீஸார் பிரித்துவிடுவதுண்டு. பைக்கில் போகிற பிள்ளைகளுக்கு, ஹெல்மெட் இல்லாமல் அடிவாரத்தைத் தாண்ட முடியாது.

போன் பற்றிய சண்டை ஒவ்வொரு வருஷமும் வரும். பள்ளத்தில் இருக்கும் எஸ்டேட்டுகளில் சிக்னல் தானாகவே போய்விடும், மேட்டுக்கு ஓடி ஓடிப் போய்த் தேடுவதைவிட அணைத்துப் போடுவது நல்லது. அதற்கு முன் வீட்டாருக்கு இல்லத்தின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுப்பது என்றால் காகிதத்தில், பிரிட்ஜ் கதவில் ஒட்டும்படி. வாட்சப்பில் அனுப்பினால் தேவைப்படும் நேரத்தில் வீட்டு ஆண்களுக்கு அது கிடைக்காது. எதற்குக் கூப்பிடலாம், எதற்குக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதுகிறேன். ஆஸ்பத்திரி, விபத்து, சாவு, இவற்றுக்குக் கூப்பிடலாம். கேஸ் சிலிண்டர் எங்கே புக் பண்ணுவது என்பதற்குக் கூடாது. எங்கள் தெருவில் ஒருவர் மிளகாய்த்தூள் டப்பா தேடி இல்லத்துக்குப் போன் போட்டார், அதன் பிறகு சேர்ந்த வரி அது. பண்டிகைச் சீட்டு, கறவை மாட்டுக்காரர் கணக்கு, மோட்டார் போடும் நேரம் எல்லாவற்றையும் முதல் நாளே தீர்த்துவிட்டு ஏறுகிறவர்தான் மேலே நன்றாக உட்காருகிறார். கீழே பாதியில் விட்டதெல்லாம் கண்ணை மூடியதும் வரிசையாக வந்து நிற்கும்.

மேலே போனபின் கோயில் கோயிலாகச் சுற்றலாம் என்று சிலர் பட்டியலோடு வருவார்கள். நாகலூர் ரோட்டில் ராஜராஜேஸ்வரி கோயில், ஸ்ரீசக்ர மகாமேரு கோயில், எல்லாம் நல்ல கோயில்கள்தான். மௌன நாட்களுக்கு நடுவில் வேன் ஏறி இறங்கினால் மறுபடி அடங்குவதற்கு அரைநாள் ஆகும். ஒரே ஒரு இடம் மட்டும் நாங்கள் வைத்துக்கொள்வது, அதுவும் கடைசி நாள் காலையில், சேர்வராயன் கோயில். மலையின் உச்சி, 1,623 மீட்டர். மரமே இல்லாமல் செம்மண் தரையும் புல்லுமாகப் பரந்து கிடக்கும் மேடு, காற்று சேலையைப் பிடித்து இழுக்கும். குகைக் கோயில், தலையைக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும், கல் ஈரமாக இருக்கும், சாக்ஸைக் கழற்றிவிடுங்கள், வழுக்கும். உள்ளே இருட்டில் சேர்வராயனும் காவேரியம்மனும். ஒரு சமயத்தில் நாலைந்து பேருக்குமேல் நிற்க முடியாது, அதனால் பெரிய கூட்டத்தில் போனால் கும்பிட நேரமே கிடைக்காது, வார நாளில் நின்று நிதானமாகக் கும்பிடலாம். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் இந்த மலையில் தங்கினார், மற்ற இருவர் கொல்லிமலைக்கும் பச்சமலைக்கும் போனார்கள் என்பது மலை மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. இது அவர்கள் சாமி, நாம் விருந்தாளிகள், அந்த நினைப்போடு போனால் சரி.

ஓய்வு நேரத்தில் எஸ்டேட் வழியில் நடக்கலாம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், கீழே காப்பி. வெளிச்சம் இருக்கும்போது மட்டும், இரண்டு பேராக. காட்டெருமை நடமாட்டம் உண்டு, அந்தி சாய்ந்தபின் ‘தனியாக நட்சத்திரம் பார்க்கிறேன்’ என்பவர்களை நான் கேட்டிலேயே நிறுத்திவிடுவேன். மிளகும் காப்பித்தூளும் வாங்குவதை இறங்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல்நாளே வாங்கி அறையில் வைத்தால் மூன்று நாளும் விலை ஒப்பிடும் கணக்கு மனசுக்குள் ஓடும்.

இறங்கிய அன்று மாலை எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அடிவாரம் வந்ததும் வெக்கை முகத்தில் அறையும், ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும், வேனுக்குள் ஆளாளுக்கு ஒரே சமயத்தில் பேசுவார்கள். தலைவலி நிச்சயம். வீட்டில் அன்று ரசம் சாதம் போதும், அதையும் வீட்டிலிருப்பவர்களே வைத்திருந்தால் இன்னும் நல்லது.

எங்களுக்கு ஒரே சிக்கல், மௌனத்துக்கு நான் சொல்லும் தை, மாசிதான் கல்யாணத்துக்கும் மாதம். வளர்பிறை முகூர்த்தம் வாரநாளில் விழுந்தால் வேன் கிடைக்காது, கிடைத்தாலும் இரட்டை வாடகை, பாதிப்பேர் பந்தியில் இருப்பார்கள். அதனால் முதலில் முகூர்த்த நாட்களை அடித்துவிட்டு, பிறகு பள்ளித் தேதிகளைப் பார்த்து, மிஞ்சும் வாரத்துக்கு இல்லத்தில் முன்கூட்டியே சொல்லி வைப்போம். வரும் ஆண்டுக்கான தினசரி காலண்டர் இன்னும் கடைக்கே வரவில்லை. அத்தை தினமும் கேட்கிறார், அவருக்குக் கட்டில் ஜன்னலோரம்தான் வேண்டுமாம்.